கடைசிப் பந்திக்காரி

சின்னவள் பரிமாற வந்தால் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்ள வேண்டும். மூடினாலும் விடமாட்டாள். விரல் சந்தில் சோற்றைத் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல அடுத்த இலைக்குப் போய்விடுவாள். "போதும்மா" என்று என் மாமனார் கத்துவார். "இந்தப் பொண்ணு போடுற சோத்துக்கு இன்னொரு வயித்த வாடகைக்குத்தான் எடுக்கணும்" என்பார். சொல்லிவிட்டு முழுவதையும் சாப்பிடுவார். வெயிட் போட்டுவிட்டார் மனிதர், அவள் வந்த ஒரே வருஷத்தில்.

அவள் பெயரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. நான் பெரியவள், அவள் சின்னவள். இரண்டு மருமகள்களுக்கு அந்த வீட்டில் இருந்த பெயர் அவ்வளவுதான். என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நான் கனகம்மாசத்திரத்துப் பெண், அவள் பொதட்டூர்பேட்டை. அவளுடைய அப்பா தறி நெய்கிறவர். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் சும்மா கிடந்தன. எங்கள் வீடு திருத்தணியில், மலையடிவாரத்திலிருந்து குளத்துக்குப் போகிற தெருவில். ஏரிப் பாசனத்தில் நஞ்சை இருந்தது. ஊரெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு அரிசிக்கு வரிசையில் நிற்கும்போது எங்கள் வீட்டு அடுப்பில் பெரிய பானைதான் ஏறும். அதில் என் மாமியாருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

சாப்பிடுகிற முறை எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆண்கள் முதலில், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் மாமியார். எனக்குக் கைக்குழந்தை இருந்ததால் மாமியார் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிடுவாள். எல்லோரும் எழுந்த பிறகு சின்னவள். கடைசியில் சாப்பிடுகிறவள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று எந்த வீட்டிலும் எவரும் பார்ப்பதில்லை. பார்க்க அங்கே ஆளே இருப்பதில்லை. ஒரு பெண் வருஷக்கணக்கில் பட்டினி கிடக்க வேண்டுமென்றால் எங்கள் குடும்பங்களில் அதற்கு வசதியான இடம் அந்தக் கடைசிப் பந்திதான். இது எனக்குப் புரிந்தபோது காலம் போய்விட்டது.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பானை மூடியைத் திறந்து பார்ப்பாள். சோறு வடித்ததும் ஒருமுறை, முதல் பந்தி எழுந்ததும் ஒருமுறை, நானும் மாமியாரும் கை கழுவும்போது ஒருமுறை. திறந்து, குனிந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடுவாள். அப்புறம் என்னிடம் வருவாள்.

"எல்லாருக்கும் ஆச்சாக்கா?"

"ஆச்சுடி. தெருவுல போற நாய்க்கும் ஆச்சு. நீ போய்ச் சாப்புடு."

"எனக்கு கீதுக்கா. நீ கொழந்தயப் பாரு."

சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு நேரம் போவது தெரியாது. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் மலைக்கு வருகிற தெலுங்குக்காரப் பெண்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, புளிச்சகீரையை எப்படி மசிப்பீர்கள், மிளகாயை வறுப்பீர்களா பச்சையாக அரைப்பீர்களா என்று கேட்பாள். மறுநாள் அதே பக்குவத்தில் செய்து வைப்பாள். உப்புப் பார்க்கமாட்டாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொள்ளமாட்டாள். ஆனாலும் உப்பு சரியாக இருக்கும். கைமணம் என்று தெருவே புகழ்ந்தது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. நான் செய்கிற குழம்பை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை, புகழ்ந்ததும் இல்லை.

ஒரு மத்தியானம் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். சின்னவள் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். தட்டில் சோறு இருந்தது. குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்ததை நாலு பாகமாகப் பிரித்தாள், மறுபடி சேர்த்தாள், மறுபடி பிரித்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு பிடி எடுத்து வாய்க்கருகே கொண்டுபோய்ச் சிரித்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் என் கால் போகவில்லை, கதவு மறைவிலேயே நின்றேன். அவள் எழுந்தாள். பின்கட்டுக்குப் போய் எருமையின் கழுநீர்த் தொட்டியில் தட்டைக் கவிழ்த்தாள். ஒரு பருக்கை ஒட்டாமல் வழித்துப் போட்டாள். அப்புறம் வாய் கொப்பளித்துக்கொண்டு, சாப்பிட்டவள் போல ஏப்பம்கூட விட்டாள்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் எருமை ஏன் அப்படி மினுமினுத்தது என்று அன்றைக்குத் தெரிந்தது. "இன்னாடி, எருமைக்கு ஏதாச்சும் வேண்டுதலா?" என்று கேட்டேன்.

"பசிக்கலக்கா. காத்தால நெறய சாப்ட்டுட்டேன்."

காலையில் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். அவள் எதுவும் சாப்பிடவில்லை. கண்ணைப் பார்த்துச் சொன்னாள், துளி தடுமாற்றம் இல்லை. அப்போதுதான் எனக்கு முதல் முதலாகப் பயம் வந்தது. திருடியைக் கண்டுபிடித்த பயம் இல்லை அது. தனக்குத்தானே ஏதோ செய்துகொள்கிற ஒருத்தியோடு ஒரே அடுப்படியில் நிற்கிறோம் என்கிற பயம்.

அதற்கப்புறம் நான் பார்த்ததெல்லாம் அந்தப் பயத்தோடு பார்த்ததுதான். சித்திரை வெயிலில் ஊரே விசிறியோடு உட்கார்ந்திருக்கும்போது அவள் புடவைத் தலைப்பால் தோளைப் போர்த்திக்கொண்டு நிற்பாள். "குளுருதுக்கா" என்பாள். கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும். முன்கையில் பூனைமுடி முளைத்திருந்தது. ஒரு இடத்தில் உட்காரமாட்டாள். மலைமேல் யாருக்காவது எண்ணெய் கொண்டுபோக வேண்டுமா, நான் போறேன். குளத்திலிருந்து இன்னொரு குடம் வேண்டுமா, நான் போறேன். வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலைவாரிவிடுவேன். சீப்பை இழுத்தால் முடி கொத்தாக வரும். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் கைக்குள் சுருட்டி மறைத்துக்கொள்வேன். ஏன் மறைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தால் பயப்படுவாள் என்று நினைத்தேனோ என்னவோ. அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

மாமியாரிடம் சொன்னேன். "அத்தே, சின்னவ சாப்புட மாட்டேங்கறா. எல்லாத்தயும் எருமைக்குக் கொட்டுறா."

மாமியார் என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "நீ இன்னாடி, புள்ள பெத்தவதானே, இது தெரியலையா? அவ ஒதுங்கி உக்காந்து எத்தினி நாளாச்சு?"

எங்கள் வீட்டில் மாதவிலக்கு வந்தால் பின்கட்டில் தனியாக உட்கார வேண்டும். அதனால் யாருக்கு எப்போது என்பது வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே தெரியும். சின்னவள் மார்கழியிலிருந்து உட்காரவில்லை. மாமியார் கட்டாயப்படுத்தி இரண்டு வாய் ஊட்டினால் கிணற்றடிக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். சோற்று வாசனையே ஆகவில்லை. முகம் வெளுத்திருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்? மசக்கை என்றார்கள். நானும் ஒரு வாரம் நம்பினேன். நம்ப ஆசையாக இருந்தது.

இதற்கெல்லாம் இப்போது பெயர் இருக்கிறதாம், வைத்தியம் இருக்கிறதாம், மனசுக்கு ஒரு டாக்டர் உண்டாம். அன்று எங்களிடம் இருந்தது அந்த ஒரே பெயர்தான்.

மசக்கைக்காரி என்றால் தெரு சும்மா இருக்குமா? மாங்காய் வந்தது, புளிச்சோறு வந்தது, அதிரசம் வந்தது. எதிர்வீட்டுக்காரி வந்து எதிரில் உட்கார்ந்து, "தின்னும்மா, நான் பாக்கறேன்" என்றாள். சின்னவளின் கண் அப்போது போன போக்கை நான் மறக்கமாட்டேன். கதவைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான்தான் குழந்தையைக் கிள்ளி அழவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போ என்று அவளை அனுப்பினேன்.

என் கொழுந்தன் அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலையாக இருந்தான். பட்டாள ரயில்கள் ஓயாமல் போய்க்கொண்டிருந்த காலம், வாரத்துக்கு ஒருமுறை வருவதே பெரிது. வாயில்லாப் பூச்சி. பெண்டாட்டிக்குப் பிஸ்கட் பொட்டலம் வாங்கி வந்து என் கையில் கொடுத்து, "நீங்களே குடுத்துருங்க அண்ணி" என்பான். அவன்தான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணி, அவ தூக்கத்துல பேசறா."

"இன்னா பேசறா?"

"அரிசி வந்துகினு கீது, எழுந்துக்காதீங்க, வந்துகினு கீதுன்னு. அதையே சொல்றா. எழுப்பினா அழறா."

எனக்கு அந்தக் கல்யாணம் ஞாபகம் வந்தது.

பொதட்டூர்பேட்டையில் பெண் வீட்டில் நடந்த கல்யாணம். நானும் போயிருந்தேன். கல்யாணத்துக்கு இத்தனை பேருக்கு மேல் சோறு போடக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு இருந்த சமயம். பெண்ணின் அப்பா அங்கே இங்கே கேட்டு, அரிசி சேர்த்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் சொன்னதற்கு மேல் இரண்டு வண்டி ஆட்கள் ஏறிவிட்டார்கள். இரண்டாம் பந்தியில் பாதி இலைக்கு மேல் சோறு வரவில்லை. சோறு வராத பாதியில் என் மாமனாரின் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பெரிய மாமா என்போம். அவர் இலையை விட்டு எழுந்தார். "பந்தியில உக்கார வெச்சு வெறும் எலையக் காட்டுற வூட்ல பொண்ணு எடுத்தோமே" என்று பந்தல் முழுக்கக் கேட்கச் சொன்னார். பெண்ணின் அப்பா ஓடிவந்து எல்லோர் முன்னாலும் அவர் காலில் விழுந்தார். பக்கத்து வீடுகளில் வாங்கி உலை வைத்து, ஒருவழியாகச் சமாதானம் ஆயிற்று. கல்யாண வீட்டுச் சண்டை எங்கேதான் இல்லை? திரும்பும் வழியிலேயே எல்லோரும் மறந்துவிட்டோம். ஆனால் சின்னவளின் அப்பா அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தீபாவளி வரிசைகூட அவர் பெண்டாட்டியும் மகனும்தான் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் நானும் சின்னவளும் முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் நேராகவே கேட்டேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"ஏண்டி, உங்க நைனா கால்ல உழுந்தாரே, அத நெனச்சா சாப்புட மாட்டேங்கற?"

முறத்தில் இருந்த அவள் கை நின்றுவிட்டது.

"அவரு உழுந்தப்ப கையில வாளி இருந்துச்சுக்கா. காலி வாளி. அத கீழ வெக்கக்கூட தோணல அவருக்கு."

"சரி, போனது போச்சு."

"போகலக்கா. அன்னிக்குக் காத்தால எனக்குப் பசி. கல்யாணப் பொண்ணு தாலி ஏறுற வரைக்கும் ஒண்ணும் தின்னக் கூடாதுன்னு வெச்சிருந்தாங்க. தாங்க முடியல. பந்திக்கு வடிச்ச சோத்துலருந்து அம்மாவுக்குத் தெரியாம அள்ளித் தின்னேன். தட்டு நெறய. தயிர் ஊத்திகினு தின்னேன். ருசியா இருந்துச்சுக்கா."

"பசிச்சா தின்னத்தானே வேணும்?"

"அது ஒரு எலைக்கு ஆயிருக்கும். பெரிய மாமா எலைக்கு ஆயிருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப் பைத்தியமே! உன் ஒரு தட்டுச் சோத்தாலயா ஒரு பந்தி கவுந்துச்சு? வண்டி வண்டியா ஆளுங்க ஏறிகினு வந்தது எங்க வூட்டுத் தப்பு."

"தெரியும்க்கா. புத்திக்குத் தெரியுது. தொண்டைக்குத் தெரியல. ஒரு வாய் எடுத்தா அவரு குனியறது தெரியுது. மூடிக்குது." கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே எலும்புதான் இருந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னொண்ணுக்கா. வயித்துல ஒண்ணும் கிடையாது. நீ பெத்தவதானே, சொல்லு, இந்நேரம் அசையணும் இல்ல? எனக்குப் பயமா கீது. தெரிஞ்சா இன்னா செய்வாங்க?"

என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். பொய்க் கர்ப்பம் காட்டினாள் என்பார்கள், மலடி என்பார்கள். கொழுந்தனுக்கு வேறு பெண் பார்க்கச் சொல்லிப் பெரிய மாமாவே முதல் ஆளாக வருவார். அப்போது மறுபடியும் அவள் அப்பா யார் காலிலாவது விழுவார். அதையும் பார்க்க இவள் உயிரோடு இருக்கமாட்டாள். என்ன செய்தாவது இவளைச் சாப்பிட வைக்க வேண்டும், அதைத் தவிர வேறு வழியில்லை என்று தெரிந்தது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

அதற்குள் ஆனி மாதம் வளைகாப்பு வைத்துவிட்டார்கள். வளையல்காரர் மலைக்கடையிலிருந்து வந்தவர், நூறு வளைகாப்பு பார்த்தவர். சின்னவளின் கையைப் பிடித்து முதல் வளையலைப் போட்டார். அது நழுவி முழங்கைக்கு மேல் போய் நின்றது. இரண்டாவதும் அப்படியே. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். பெட்டியின் அடித்தட்டைத் திறந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்கிற வளையல்களை எடுத்தார். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். "ஒட்டு வயிறு, பொண்ணுதான் பொறக்கும்" என்று ஒருத்தி சிரித்தாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லோருக்கும் கலந்த சாதம் பரிமாற எழுந்தாள். பிடித்து உட்கார வைத்தோம். எனக்கு அந்தக் கூடத்தைவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

மறுவாரம் என் குழந்தைக்கு இருமல் என்று சாக்குச் சொல்லி, சின்னவளையும் மாமியாரையும் வண்டியில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வயசான நர்சம்மா இருந்தார். சின்னவளை உள்ளே படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் மட்டும் கூப்பிட்டார்.

"அம்மா, இந்தப் பொண்ணு வயித்துல கொழந்த கிடையாது. உடம்பு பசியில காய்ஞ்சு போயிருக்குது. அதான் மாசக் குளியலும் நின்னுபோச்சு."

மாமியார் கொதித்தாள். "என் வூட்ல சோறு இல்லியா? வந்து பாருங்க, பத்துப் பேருக்கு அதிகமா வடிக்கிறோம்!"

"சோறு இருக்குதும்மா. அது தொண்டையில எறங்காத நோவும் ஒண்ணு இருக்குது. மனசுல இன்னா அடைச்சிகினு இருக்குதுன்னு கேளுங்க. கஞ்சி, பாலு, கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. திட்டாதீங்க. எதுத்தாப்புல உக்காந்து காவல் காக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "யாருகிட்டயும் மூச்சு விடாத. மருமவளப் பட்டினி போட்ட வூடுன்னு சொல்லுவாங்க. நான் சாப்புட வெக்கிறேன்." அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. சாப்பாடு போட்டால் தீராத துன்பம் உலகத்தில் உண்டு என்று அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மறுநாள் அவள் செய்த காரியத்தை அந்தத் தெருவில் எந்த மாமியாரும் செய்திருக்கமாட்டாள். ஆண்களுக்கும் முன்னால், முதல் பந்தியில், சின்னவளுக்கு இலை போட்டாள்.

பாசத்தில்தான் செய்தாள். ஆனால் அதைவிடக் கொடுமை வேறு கிடையாது. மற்றவர்களுக்கு முன்னால் தின்றதுதான் தன் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருப்பவளை முதல் ஆளாக உட்கார வைத்தால் என்ன ஆகும்? மாமனார் வாசலில் காத்திருக்கிறார், பிள்ளைகள் தட்டோடு நிற்கின்றன. சின்னவள் இலையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பல் கிட்டிக்கொண்டது. மாமியார் தாடையைப் பிடித்து ஊட்டப் போனாள். சின்னவள் சத்தம் போடாமல் அழுதாள். நான் இலையை இழுத்து எறிந்தேன். அப்புறம் மாமியாரைத் தனியாக உட்கார வைத்து, கல்யாணத்து அன்றைக்குக் காலையில் தின்ற அந்தத் தட்டுச் சோற்றின் கதையைச் சொன்னேன். மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடிவில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்கி நான் அங்கதான்டி இருந்தேன். எங்க வூட்டு ஆம்பள பேசறாரேன்னு கம்முனு இருந்தேன்."

ஆடிக்கிருத்திகைக்குக் காவடிக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த வருஷம் மாமியார் பொதட்டூர்பேட்டைக்கு ஆள் அனுப்பினாள். சம்பந்தி வந்தே ஆகவேண்டும், வராவிட்டால் நானே நடந்து வருவேன் என்று சொல்லி அனுப்பினாள். அவர் வந்தார். ஒடிந்துபோன மனிதர், தோளில் ஒரு துண்டு. பந்தலின் ஓரத்தில் உட்காரப் போனவரை மாமியார் நடுவில் உட்கார வைத்தாள்.

அன்றைக்குச் சின்னவளைத் தடுக்க யாராலும் முடியவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். தெருவில் அரோகரா சத்தம், மேளம், வெயில். ஒவ்வொரு பந்திக்கும் உள்ளே ஓடிப்போய்ப் பானையைப் பார்த்தாள். எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். முருகா, இன்றைக்கு மட்டும் சோறு குறையக் கூடாது. அவள் அப்பாவின் இலைக்கு வந்தபோது நின்றாள். போட்டாள். அவர் குனிந்து சாப்பிட்டார். மறுபடி போட்டாள். "போதும்மா, வயிறு நெறஞ்சு போச்சு" என்று அவர் நிமிர்ந்து சிரித்தார். பெரிய மாமாவும் அதே வரிசையில்தான் இருந்தார். மாமியார் அவர் எதிரிலேயே சம்பந்தியின் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

கடைசி ஆளும் எழுந்த பிறகு சின்னவள் பானையை எட்டிப் பார்த்தாள். "மிச்சம் கீதுக்கா!" என்று சிரித்தாள். அப்படி வாய்விட்டு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "எல்லாருக்கும் ஆச்சு, இன்னும் கீது. எனக்குப் போடுக்கா."

நான் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். தயிர் கேட்டாள். நானும் மாமியாரும் அவளைப் பார்க்கக் கூடாது என்று ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு அழுதோம். தப்பித்துவிட்டாள் என்று நினைத்தோம். தொண்டை திறந்துவிட்டது என்று நினைத்தோம். நினைத்தது சரிதான். ஆனால் உடம்பு அதற்கு முன்னாலேயே தீர்ந்துபோயிருந்தது. ஆடி கழிவதற்குள் ஒருநாள் காலையில் அவளுக்குப் பாதம் வீங்கி, மூச்சு வாங்கியது. மிஷன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே, வாசற்படியில் என் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாள்.

வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி போய்விட்டால் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சாலையோரத்தில் இரண்டு கல்லை நட்டு, தோள் உயரத்தில் மேலே ஒரு கல்லைப் படுக்க வைப்பார்கள். தலைச்சுமையோடு போகிறவர்கள் பிறர் கை இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்கு அது புண்ணியம் என்பார்கள். பெரிய மாமாதான் கல்லுக்கு ஏற்பாடு செய்தார். வளைகாப்பு ஆனவள் அல்லவா, ஊரே பார்த்ததல்லவா என்றார். ஆவணியில் பொதட்டூர்பேட்டை சாலையில் கல் நட்டார்கள். கல் வேலைக்காரர்கள் மண்ணை இடித்துக்கொண்டிருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தே, இது பொய்யி. அவளுக்குப் புள்ள எங்க இருந்துச்சு? பசியிலதானே செத்தா? நான் சொல்லப் போறேன்."

மாமியார் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லுடி. பட்டினி போட்டவன்னு என்ன ஊரு காறித் துப்பட்டும், துப்பினா தொடச்சிக்கிறேன். ஆனா பசியில செத்தான்னு சொன்னா, இன்னாத்துக்குப் பசின்னு அந்த மனுசன் கேப்பாரு. அதுக்கு நீ பதில் சொல்லுவியா?"

அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். சின்னவளின் அப்பா கல்லுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். கல்லில் ஒட்டியிருந்த ஈர மண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டு என்னிடம் வந்தார்.

"நீ கூடவே இருந்த பொண்ணு. உன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன். புள்ளைக்கு எத்தினி மாசம்மா ஆயிருந்துச்சு?"

மாமியாரின் பிடி என் கையில் இருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு மாசம், நைனா" என்றேன்.